பிலடெல்பியா விதவையின் பாக்கி வசூலாகுமா?

கேள்வி: சரித்திர நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். 1797 ஜனவரி, அப்போது அமெரிக்கத் தலைநகராக இருந்த பிலடெல்பியா. கணவனை இழந்த ஒரு பெண், வீட்டில் ஆள் தங்கவைத்துச் சாப்பாடு போட்டுப் பிழைக்கிறாள். வர்ஜீனியாவிலிருந்து வந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் 120 டாலர் பாக்கி வைத்துவிட்டு, "என்மேல் யாரும் கைவைக்க முடியாது" என்கிறார். அது உண்மையா? அவள் என்ன செய்யலாம்? - ஒரு வாசகி

பதில்: அவர் சொல்வது பாதி உண்மை. மற்ற பாதியில்தான் உங்கள் கதாநாயகிக்கு வழி இருக்கிறது.

அன்றைக்குக் கடன் வழக்கு பெரும்பாலும் கைதில்தான் ஆரம்பிக்கும். ஷெரீப் வந்து பிடிப்பார், ஜாமீனுக்கு ஆள் கிடைக்காவிட்டால் சிறைதான். அந்தப் பயத்திலேயே பல பாக்கிகள் வசூலாகிவிடும். அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு, ஆறாவது உட்பிரிவு இந்த ஆயுதத்தைத்தான் பிடுங்கிக்கொண்டது. சபை நடக்கும்போதும், அதற்கு வரும் வழியிலும், திரும்பும் வழியிலும் உறுப்பினரைக் கைது செய்யக்கூடாது. தேசத்துரோகம், பெருங்குற்றம், பொது அமைதியைக் குலைப்பது ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. கடன் அந்த விலக்கில் வராது.

ஆனால் தடை கைதுக்குத்தான், வழக்குக்கு இல்லை. பென்சில்வேனியா மாநில நீதிமன்றத்தில் அவள் பிராது கொடுத்து சம்மன் அனுப்பலாம். வேறு மாநிலத்துக்காரர் என்பதற்காக மத்திய நீதிமன்றத்துக்குப் போக முடியாது, அங்கே தொகை 500 டாலரைத் தாண்டவேண்டும். சம்மனும் கூடாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடுவார். அதை நாவலில் தாராளமாக வையுங்கள். உறுப்பினருக்கு சிவில் வழக்கில் சம்மன் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது 1934-இல்தான்.

சரி, அவருடைய பெட்டியைப் பிடித்துவைத்துக்கொள்ளலாமா? வழிப்போக்கர்களுக்கு இடம் கொடுக்கும் சத்திரக்காரருக்கு அந்த உரிமை உண்டு. வாரக்கணக்கு பேசி ஆள் வைத்துச் சோறு போடும் வீட்டுக்காரிக்குப் பொதுச் சட்டத்தில் (இங்கிலாந்திலிருந்து வந்த, தீர்ப்புகளால் உருவான வழக்குச் சட்டம்) அது கிடையாது. எனக்கு மனசு கேட்காத இடம் இது. விறகு வாங்கி, மாவு வாங்கி, மாதக்கணக்கில் கடன் சொல்லிச் சோறு போட்டவளுக்குக் கையில் பிடிமானம் எதுவும் இல்லை.

உறுப்பினருக்கு நாளொன்றுக்குப் படி 6 டாலர். 1796 டிசம்பர் 5 முதல் 1797 மார்ச் 3 வரை நடந்த அந்தக் கூட்டத்தொடருக்கு முழுக்க வந்திருந்தால் 500 டாலருக்கு மேல் வரும். அதைக் கருவூலத்திலேயே ஜப்தி செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். 1846-இல், 'கான்ஸ்டிடியூஷன்' போர்க்கப்பலின் மாலுமிகளுக்கு இடமும் சாப்பாடும் கொடுத்த வீட்டுக்காரர்கள், கப்பல் கணக்கரிடம் இருந்த சம்பளப் பணத்தை ஜப்தி செய்யப் பார்த்தார்கள். உரியவர் கைக்குப் போகும்வரை அது அரசாங்கப் பணம் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கைக்கு வந்தபின் அது அவருடைய பணம், அதன்மேல் அரசாங்கப் பாதுகாப்பு இல்லை.

இன்னொன்று, இந்தப் பாதுகாப்பு எல்லாப் பதவிக்கும் கிடையாது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் வில்சன் பதவியில் இருக்கும்போதே 1797-இல் நியூ ஜெர்சியின் பர்லிங்டனில் கடனுக்காகச் சிறைப்பட்டார். அப்புறம் வட கரோலினாவிலும் சிறை வைத்தார்கள். அங்கே அவரை உள்ளே தள்ளிய கடன் கொடுத்தவர் பியர்ஸ் பட்லர். இருவரும் 1787-இல் ஒரே அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டவர்கள். 1798 ஆகஸ்டில் வில்சன் ஈடன்டன் ஊரில் இறந்தார். ராபர்ட் மோரிஸும் அந்த அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டவர்தான். 1795 வரை செனட்டர். பதவி போன மூன்றாம் வருடம், 1798-இல், பிலடெல்பியாவிலேயே கடன் சிறைக்குப் போய் 1801 வரை இருந்தார்.

ஆகவே உங்கள் கதாநாயகி நாள்காட்டியைப் பார்க்கவேண்டும். மார்ச் 3 முடிந்து அவர் வர்ஜீனியா போய்ச் சேர்ந்ததும் பாதுகாப்பு போய்விடும். ஆனால் மே 15-இல் அதிபர் ஆடம்ஸ் சபையை மறுபடி கூட்டுகிறார். புதுச் சபைக்கும் அவர் தேர்வாகியிருந்தால் புறப்படும் நாளிலிருந்து கவசம் திரும்ப வந்துவிடும். இடையில் சில வாரம்தான், அதுவும் வர்ஜீனியாவில் போய் வழக்குப் போடவேண்டும். விதவையால் அவ்வளவு தூரம் அலைய முடியாது.

அதனால் பிப்ரவரியிலேயே, அவர் இன்னும் இவள் சமைத்ததைச் சாப்பிடும்போதே, கணக்கைப் பார்த்து 120 டாலருக்கு ஒரு பிராமிசரி நோட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள். வர்ஜீனியாவோடு கொடுக்கல் வாங்கல் உள்ள வியாபாரி ஒருவருக்கு அதன் உரிமையை மாற்றி எழுதிக் கொடுத்தால், கொஞ்சம் குறைத்துக்கொண்டு அவர் ரொக்கம் தருவார். மே மாதத்துக்குள் வசூலிக்கும் பாடு அந்த வியாபாரியுடையது.