காதுக்கு எத்தனை வாட் வேண்டும்?

(வாசகர் கேள்வி பதில். பதில் சொல்பவர் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் 29 வருடமாக ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் கடை நடத்தி வருகிறார்.)

அண்ணாச்சி, நான் நாகர்கோவிலில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். வீடு குலசேகரத்தில். என் அறை பத்துக்குப் பத்து. கம்ப்யூட்டரில் பாட்டு கேட்க 4,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு கடையில் அட்டையில் "5,000 வாட்" என்று போட்ட 2.1 செட் (இரண்டு சின்னப் பெட்டி, ஒரு பேஸ் பெட்டி) காட்டினார்கள். நண்பனோ ஆம்ப் போர்டும் பாக்ஸும் தனித்தனியாக வாங்கு என்கிறான். எது நல்லது?
– ஒரு மாணவர், குலசேகரம்

தம்பி, முதலில் அந்த 5,000 வாட்டை மனதிலிருந்து எடுத்துவிடு. அட்டையின் ஓரத்தில் பி.எம்.பி.ஓ. என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதை அளக்க ஒழுங்கான முறை எதுவும் கிடையாது. செய்கிறவர்கள் இஷ்டத்துக்குப் போடுகிற எண் அது. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதை, அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்டை மட்டும் பார்.

என் மகள் பள்ளியில் படித்தபோது இப்படி ஒரு செட் வாங்கிக் கொடுத்தேன். "2,000 வாட்" என்று போட்டிருந்தது. ஆறே மாதத்தில் ஒரு பக்கம் பாடவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே 12-0-12 டிரான்ஸ்பார்மர், 1 ஆம்பியர். மொத்தக் கொள்ளளவே 24 வாட். அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். பிள்ளை கேட்டாள் என்பதற்காகக் காசைக் கொடுத்து வாங்கிய பொருள் என்பதால் அன்றைக்கு வந்த வருத்தம் இன்றும் போகவில்லை. அதனால்தான் இதை ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு எவ்வளவு வாட் வேண்டும்? கணக்குப் போடலாம். சுமாரான ஒரு நாலு அங்குல ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 85, 86 டெசிபல் சத்தம் வரும். 85 டெசிபலை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கேட்டாலே காதுக்குக் கேடு என்கிறார்கள். நீ மேசைக்கு முன்னால் இரண்டு, இரண்டரை அடி தள்ளி உட்காரப் போகிறாய். ஆக, சாதாரணமாகப் பாட்டு கேட்கும்போது ஒரு வாட்கூடச் செலவாகாது. தவில் அடி மாதிரி திடீரென்று எழும்பும் சத்தத்துக்கு மட்டும் பத்து மடங்கு கையிருப்பு வேண்டும். ஒரு பக்கத்துக்கு 10 முதல் 15 வாட் ஆர்.எம்.எஸ். உன் அறைக்குத் தாராளம். இன்னொன்றும் தெரிந்துகொள். வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கு" என்கிற அளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் 20 வாட்டா 30 வாட்டா என்று குழம்பி 500 ரூபாய் அதிகம் கொடுக்க வேண்டாம். அந்த 500 ரூபாயை நல்ல ஸ்பீக்கரில் போடு.

2.1 செட்டில் ஒரே விலைக்குள் மூன்று பெட்டி, ஒரு ஆம்ப், ஒரு டிரான்ஸ்பார்மர் எல்லாம் அடங்க வேண்டும். மலிவு விலையில் எதைக் குறைப்பார்கள்? நீ அதிகம் கேட்கப்போகும் அந்த இரண்டு சின்னப் பெட்டிகளைத்தான். உள்ளே இரண்டரை அங்குல ஸ்பீக்கர் ஒன்று, ட்வீட்டர் (மேல் சுதிக்கான குட்டி ஸ்பீக்கர்) கிடையாது. கீழே இருக்கும் வூஃபர் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்), பாட்டில் எந்த சுதி வந்தாலும் "டும்" என்று ஒரே சுதியில் முழங்கும். மிருதங்கத்தின் இடந்தலையும் பேஸ் கிட்டாரும் ஒரே மாதிரி கேட்டால் அந்தச் செட் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடு.

என் யோசனை, இரண்டே பெட்டி. உன் பணத்தில் நண்பன் சொன்ன வழிதான் சரி. டி.பி.ஏ.3116 என்ற ஐ.சி. போட்ட கிளாஸ் டி ஆம்ப் போர்டு, 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர், ஒரு சின்ன டப்பா, எல்லாம் 1,500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். 12 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பக்கத்துக்குச் சுமார் 8 வாட் கிடைக்கும். 19 வோல்ட் பழைய லேப்டாப் சார்ஜர் வீட்டில் இருந்தால் 20 வாட் வரை போகும். மீதி 2,500 ரூபாய்க்குப் பழைய ஸ்டீரியோ செட்டின் நல்ல நிலையில் உள்ள பாக்ஸ் இரண்டு தேடு. நாலு அல்லது ஐந்து அங்குல வூஃபரும் தனி ட்வீட்டரும் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த செட்டுகள் நம் மாவட்டத்தில் பரண்மேல் எத்தனையோ கிடக்கின்றன, விசாரித்தால் கிட்டும்.

ஈயம் பற்றவைக்க ஆள் இல்லை, வேலை எதுவும் வேண்டாம் என்றால் கிரியேட்டிவ் பெபிள் மாதிரி யு.எஸ்.பி.யில் ஓடும் சின்னப் பெட்டிகள் உன் பணத்துக்குள்ளேயே வரும். ஸ்பீக்கர் 2.25 அங்குலம்தான், பேஸ் எதிர்பார்க்காதே. ஆனால் முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் குரல் நேராகக் காதுக்கு வரும். இன்னும் ஆறு மாதம் பொறுத்துப் பணம் சேர்க்க முடிந்தால், எடிஃபையர் ஆர்1280டி போன்றவற்றை ஒருமுறை கேட்டுப் பார். நாலு அங்குல வூஃபர், இரண்டு பக்கமும் சேர்த்து 42 வாட் ஆர்.எம்.எஸ்., ஆம்ப் உள்ளேயே இருக்கும்.

எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் இரண்டு வருஷத்தில் கரகர என்கிறது, அப்புறம் ஒரு பக்கம் நின்றுபோகிறது. எதை வாங்கினால் தாங்கும்?
– ஒரு வாசகர், முட்டம்

முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கத்திலிருந்து என் கடைக்கு வரும் பெட்டிகளை முகர்ந்தே சொல்லிவிடலாம். உப்புக் காற்று முதலில் பிடிப்பது வால்யூம் கண்ட்ரோலை. கரகரப்பு அங்கிருந்துதான் வருகிறது. அடுத்து, பின்பக்கம் வயரை அழுத்திச் சொருகும் கிளிப்பில் களிம்பு ஏறும். ஒரு பக்கம் நின்றுபோவது பெரும்பாலும் அதனால்தான், ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வயர் நுனியை அரை அங்குலம் வெட்டி, புதிதாகச் செம்பு தெரிய உரித்துச் சொருகிப் பாருங்கள். பாடினால் மகிழ்ச்சி. நிரந்தரமாக வேண்டுமென்றால் கிளிப்பை விட்டுவிட்டு நேராக ஈயம் பற்றவைக்கச் சொல்லுங்கள். வால்யூமுக்குக் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து இருபது முறை முழுதாகத் திருப்பினால் வழிக்கு வரும்.

வாங்கும்போது ஸ்பீக்கரின் கோனை, அதாவது நடுவில் அதிரும் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஸ்பாஞ்சு வளையம் நம் ஈரத்தில் பொடியாகிவிடும். ரப்பர் வளையம் நிற்கும். ரப்பர் விளைகிற மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பெட்டி எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகை என்றால் அடிப்பக்கம் தண்ணீர் பட்டு உப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் தொடங்கும் தென்மேற்கும் அக்டோபரில் வரும் வடகிழக்கும் இரண்டுமே நமக்கு உண்டு, வருஷத்தில் பாதி நாள் சுவர் ஈரம்தான். சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். தினமும் அரை மணி நேரமாவது செட் ஓடட்டும். அந்த இளஞ்சூடு உள்ளே ஈரம் தங்க விடாது.

நான் பள்ளி ஆசிரியை. லேப்டாப்பில் ஸ்பீக்கர் மாட்டிப் பாடம் எடுக்கிறேன். சார்ஜர் சொருகினால் "ம்ம்ம்" என்று இரைச்சல். கழற்றினால் நின்றுவிடும். மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை வெட்டிவிட்டால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?
– ஒரு வாசகி, கருங்கல்

வேண்டாம் டீச்சர். தயவுசெய்து வெட்ட வேண்டாம். அந்தப் பெரிய பின் எர்த்து. உள்ளே மின்சாரம் கசிந்தால் உங்கள் உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போக அது ஒன்றுதான் வழி. மழைக்காலத்தில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற வீடுகள் நம்முடையவை. இரைச்சலோடு பாடம் எடுத்தாலும் பரவாயில்லை, அந்தப் பின் இருக்கட்டும்.

சார்ஜரைக் கழற்றினால் நிற்கிறது என்பதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. லேப்டாப்புக்கு ஒரு வழியில் எர்த்து, ஆம்ப்புக்கு வேறு வழியில் எர்த்து. நடுவில் நீங்கள் மாட்டிய ஆடியோ வயர் இரண்டையும் இணைத்து ஒரு வளையம் ஆக்கிவிடுகிறது. அதில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான் உங்களுக்குக் கேட்கிறது. முதலில் காசு செலவில்லாத வழி: லேப்டாப் சார்ஜரையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேட்டு வாங்குங்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர். ஆடியோ வயருக்கு நடுவில் மாட்டினால் பாட்டு மட்டும் தாண்டும், வளையம் அறுந்துவிடும். சில நூறு ரூபாய்தான்.

லேப்டாப்பின் உலோகப் பாகத்தைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறதா? அப்படியானால் எலெக்ட்ரீஷியனை அழைத்து வீட்டு எர்த்துக் குழியையும் பார்க்கச் சொல்லுங்கள். மார்ச், ஏப்ரல் வெயிலில் குழி காய்ந்துபோகும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

ஸ்பீக்கருக்குத் தங்க முலாம் பூசிய விலை கூடிய வயர் வேண்டுமா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

வேண்டாம். இரண்டு மீட்டர் தூரத்துக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் சாதாரணச் செம்பு வயர் போதும்.

அப்பா 1990களில் சவூதியிலிருந்து கொண்டுவந்த ஸ்டீரியோ செட் இருக்கிறது. ஆம்ப் செத்துவிட்டது, பாக்ஸ் இரண்டும் பார்க்க நன்றாக இருக்கின்றன. எறிய மனமில்லை. கம்ப்யூட்டருக்குப் பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகர், கொட்டாரம்

எறியவே வேண்டாம். இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பா அங்கே வியர்வை சிந்திச் சேர்த்துக் கொண்டுவந்த பொருள், இன்னும் பதினைந்து வருஷம் பாடும்.

முன்பக்க வலையைக் கழற்றிப் பாருங்கள். வளையம் ஸ்பாஞ்சாக இருந்தால் இந்நேரம் உதிர்ந்திருக்கும். பயப்பட வேண்டாம், அந்த வளையம் தனியாகக் கிடைக்கிறது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கோன் நடுவில் நிற்கும்படி புதியதை ஒட்ட வேண்டும். ஒரு நாள் காய விடுங்கள். கோனை விரல்களால் மெல்ல உள்ளே அழுத்தும்போது உரசல் கேட்கக் கூடாது.

பின்பக்கம் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கும், இந்த மாதிரிச் செட்டுகளில் பெரும்பாலும் 6. முதல் கேள்வியில் சொன்ன அதே போர்டு, 19 வோல்ட் சார்ஜர் இருந்தால் பக்கத்துக்குச் சுமார் 25 வாட் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை. பழைய ஆம்ப்களில் இடது, வலது இரண்டுக்கும் கறுப்பு வயர் பொது. பழக்கத்தில் இந்தப் போர்டிலும் இரண்டு கறுப்பையும் ஒன்றாக முறுக்கிவிடுவார்கள், போர்டு புகைந்துபோகக்கூடும். இதில் நாலு முனையும் தனித்தனி. மாதம் இரண்டு போர்டாவது இப்படிக் கருகி என் மேசைக்கு வருகிறது.

மாட்டும் முன் ஒரு 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியை எடுத்து ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொடுங்கள். கோன் முன்னால் தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். இரண்டு பெட்டிக்கும் இப்படிக் குறித்துக்கொண்டு மாட்டுங்கள். ஒன்று மாறிப் போனால் ஒரு கோன் முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும். பேஸ் காணாமல் போகும், பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. "பழைய பாக்ஸில் பேஸ் இல்லை" என்று சொல்லும் பலருக்கு இதுதான் காரணம்.

அப்பாவுக்கு வயது 74. கம்ப்யூட்டரில் பட்டிமன்றமும் பழைய நாடகங்களும் கேட்பார். 2.1 செட் வாங்கிக் கொடுத்தேன். "சத்தம் இருக்கு, பேச்சு விளங்கல்லே" என்கிறார். வால்யூம் கூட்டினால் தலை வலிக்கிறது என்கிறார். இன்னும் பெரிய ஆம்ப் வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகி, அருமனை

வாங்க வேண்டாம் அம்மா. அப்பா சொல்வது மிகச் சரி. வயதாகும்போது காது முதலில் இழப்பது மேல் சுதிகளை. ச, த, க போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலி 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் அதிகம். வூஃபரின் முழக்கம் அதன்மேல் போர்வை போட்டதுபோல் மூடிவிடுகிறது. வால்யூம் கூட்டும்போது போர்வையும் சேர்ந்து கனக்கிறது.

வூஃபர் பெட்டியின் பேஸ் திருகை முழுக்கக் குறையுங்கள். அது மூலையில் இருந்தால் வெளியே இழுங்கள், மூலைச் சுவர் பேஸைப் பெருக்கும். சின்னப் பெட்டிகள் இரண்டையும் மானிட்டருக்குப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் வையுங்கள். அடியில் இரண்டு தடித்த புத்தகம் கொடுத்தால் அப்பாவின் காது உயரத்துக்கு வரும். முகம் அவரை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். நாலடி தூரத்தில் இருந்ததை இரண்டடிக்குக் கொண்டுவந்தால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் கூடும். நாலு மடங்கு வாட் வாங்கியதற்குச் சமம் அது, ஒரு ரூபாய் செலவில்லை. மேசை வெறும் பலகையாக இருந்தால் ஒரு தோர்த்தை (துண்டை) மடித்து முன்னால் விரியுங்கள், எதிரொலி குறையும்.

அப்புறம் நாகர்கோவில் வானொலியோ ஏதாவது ஒரு பேச்சோ போட்டுவிட்டு, நீங்கள் எதுவும் சொல்லாமல் அப்பாவையே பெட்டிகளை அங்குமிங்கும் நகர்த்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர் முகம் தெளிகிறதோ, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மேசை துடைக்கும்போது பெட்டி நகர்ந்தாலும் திரும்ப அங்கேயே வைக்கலாம்.