54 வயதில் சளி விடவில்லை, கீறல் ஆறவில்லை: பவுடர் வாங்கலாமா?

குடியாத்தம் வாசகி ஒருவர் கேட்கிறார்: "வயது 54, எடை 60 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்து பீடி சுற்றுகிறேன். தொப்பை போடுகிறது. சளி, இருமல் வந்தால் மூன்று வாரம் விடாது. காலில் கீறல் பட்டால் ஆற நாளாகிறது. வளர்சிதை மாற்றம் குறைந்துவிட்டது என்று ஒரு பவுடர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?"

வேண்டாம். உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், 20 முதல் 60 வயது வரை உடலின் ஆற்றல் செலவு, அதாவது வளர்சிதை மாற்ற வேகம், ஏறக்குறைய மாறுவதில்லை என்று 2021-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. உங்களுக்குக் குறைந்திருப்பது பெரும்பாலும் தசை.

சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். அது இளைத்து, வேலையின்றிக் கிடந்தால் மிச்சம் கொழுப்பாகி வயிற்றுக்குள் சேரும். அங்கே உப்பிய கொழுப்புச் செல்களைச் சுற்றி நோய் எதிர்ப்புச் செல்கள் குவிந்து, கிருமியே இல்லாதபோதும் அழற்சியை (உள்வீக்கத்தை) உண்டாக்கும் பொருட்களைச் சுரக்கும். அவை இன்சுலினைத் தடுக்க, சர்க்கரை மேலும் ஏறும். சர்க்கரை மிகுந்தால் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்குவதில் சுணங்கும். புண் ஆறாததும், ரத்தக்குழாய் வயதுக்கு முன்பே விறைப்பதும் இந்தச் சுழலில் வருபவை.

இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்கு மேலா என்று பாருங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையும் எடுங்கள்: 5.7 முதல் 6.4 சதவீதம் வரை எல்லைக்கோடு, 6.5 தொட்டால் நீரிழிவு. ஹீமோகுளோபினும் அவசியம், இரும்புச்சத்து குறைந்திருந்தால் ஹெச்பிஏ1சி கூடுதலாகக் காட்டும்.

களி தின்றால் சர்க்கரை ஏறாது என்று நம் பக்கம் நம்புகிறார்கள். 100 கிராம் கேழ்வரகு மாவில் மாவுச்சத்து 65 கிராமுக்கு மேல், புரதம் 7 கிராம்தான். உருண்டையைப் பாதியாக்கி, கீரையில் பருப்பைக் கூட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் நாளுக்கு 60 கிராம் புரதம் இலக்கு. இரண்டு முட்டையில் 12, ஐம்பது கிராம் துவரம்பருப்பில் 11, அதே அளவு காய்ந்த கொண்டைக்கடலையை வேகவைத்த சுண்டலில் 10, ஒரு பிடி வேர்க்கடலையில் 7 கிராம் தேறும். மீதி சோறு, களி, தயிரில் வந்துவிடும்.

சாப்பிட்டதும் 10 நிமிடம் நடங்கள். வாரம் மூன்று நாள், கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை, மூன்று சுற்று. முழங்கால் வலித்தால் உயரமான நாற்காலி போடுங்கள், விட்டுவிடாதீர்கள்.

இருமலைப் புகையிலைத் தூள் என்று ஒதுக்காதீர்கள். நீரிழிவு காசநோய் அபாயத்தை இரண்டு, மூன்று மடங்காக்கும். இரண்டு வாரத்தைத் தாண்டினால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அது இலவசம்.