பழுப்புத் தண்ணீரும் இரண்டு கம்பிகளும்

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் 9வது மாடியில் இருக்கிறோம். தண்ணீர்த் தடை முடிந்ததிலிருந்து குழாயில் பழுப்பாக வருகிறது. ஃபில்டர் விற்க வீட்டுக்கு வந்தவர் குழாய்த் தண்ணீரில் மின்சாரம் பாயும் இரண்டு கம்பிகளை விட்டுக் காட்டினார். ஒரு நிமிடத்தில் சேறாகிவிட்டது. அவர் கொண்டுவந்த 'சுத்த' நீர் மட்டும் அப்படியே இருந்தது. பயத்தில் 3,800 வெள்ளி (ரிங்கிட்) ஃபில்டருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இத்தனை நாள் விஷத்தையா குடித்தோம்?

பதில்: இல்லைம்மா. முதலில் கையெழுத்துப் போட்ட தேதியைப் பாருங்கள். வீடு தேடி வந்து விற்ற பொருளென்றால், 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டப்படி 10 வேலை நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். போனில் பேசினால் இழுத்தடிப்பார்கள். கடிதமாக எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். "இன்றே மாட்டினால் தள்ளுபடி" என்று வந்து நின்றால் கதவைத் திறக்காதீர்கள்.

அந்தக் கம்பி வித்தை மிகப் பழையது. ஒரு கம்பி இரும்பு. மின்சாரம் பாய்ந்ததும் அந்த இரும்புதான் கரைந்து துருவாகிறது. நீங்கள் பார்த்த சேறு பெரும்பாலும் அதுதான். குழாய்த் தண்ணீரில் இயல்பாக இருக்கும் உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும். அவர் கொண்டுவந்த 'சுத்த' நீரில் உப்பு இல்லை, அதனால் நிறம் மாறவில்லை. அதில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போடச் சொல்லியிருந்தால் அதுவும் பழுப்பாகியிருக்கும். எண் காட்டும் பேனா போன்ற கருவியும் இதே கதைதான். அது கரைந்த உப்பை அளக்கும். கிருமியும் ஈயமும் அதற்குத் தெரியாது.

சரி, நிஜமாகவே பழுப்பாக வருகிறதே? தடை முடிந்து தண்ணீர் வேகமாகப் பாயும்போது, பழைய குழாய்களில் படிந்த துருவும் மண்ணும் கிளம்பும். தரை வீட்டுக்காரர்கள் குழாயைச் சிறிது நேரம் திறந்துவிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

உங்கள் நிலைமை வேறு, அதைத்தான் விற்பனையாளர் சொல்லமாட்டார். அடுக்குமாடியில் தண்ணீர் நேராக உங்கள் குழாய்க்கு வருவதில்லை. கீழ்த்தொட்டிக்கு வந்து, பம்ப் மூலம் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, அப்புறம்தான் உங்களுக்கு இறங்குகிறது. தொட்டியின் அடியில் வண்டல் இருந்தால் எத்தனை நாள் திறந்துவிட்டாலும் பழுப்புதான். பக்கத்து புளோக்கில் தெளிவாக வந்து உங்களிடம் மட்டும் பழுப்பென்றால், உங்கள் புளோக்கின் தொட்டியையோ குழாயையோ சந்தேகப்படுங்கள். முழு வளாகத்திலும் அப்படியென்றால் கீழ்த்தொட்டி, அல்லது சாலைக் குழாய். இங்கேதான் அலைக்கழிப்பு. குடிநீர் நிறுவனம் "மீட்டர் வரை எங்கள் பொறுப்பு" என்று கைகழுவும். நிர்வாக அலுவலகம் "நிறுவனத்தைக் கேளுங்கள்" என்று திருப்பி அனுப்பும். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் வாங்கும்போது மட்டும் இந்தக் குழப்பம் வராது! தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்ற பதிவை எழுத்துமூலம் கேளுங்கள். கண்ணாடிக் குவளையில் பிடித்து, பின்னால் வெள்ளைத் தாள் வைத்துத் தேதியோடு படம் எடுங்கள். அண்டை வீட்டாரும் சேர்ந்து கையெழுத்திட்டால் மதிப்பு கூடும். அசையாவிட்டால் மாநகர் மன்றத்திலுள்ள கட்டட ஆணையரிடம் போகலாம்.

தெளியும்வரை வெள்ளைத் துணி துவைக்காதீர்கள், குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் எடுங்கள். பெட்ரோல், தின்னர் வாடை வந்தால் மட்டும் இது வேறு விஷயம். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தபோது சுத்திகரிப்பு நிலையங்களையே மூடினார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் கடைகளுக்கும் தண்ணீர் நின்றது.

அந்த 10 வேலை நாள் கடந்துபோயிருந்தாலும் சும்மா இருக்காதீர்கள். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுப் போடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள். அங்கே வழக்கறிஞர் வைக்க முடியாது, ஃபில்டர் விற்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.