நரையும் கலியாண வீடும்

அன்புள்ள அக்கா,

இது இலக்கியக் கேள்வி இல்லை, கோபிக்க வேண்டாம். எனக்கு 49 வயது. மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். 33 வயதில் நெற்றியோரம் நரை விழுந்தது. அன்று தொடங்கிய டையை இன்னும் விடவில்லை. முன்பு மாதம் ஒருக்கா அடித்தால் போதும். இப்போது மூன்று கிழமைக்கு ஒருக்கா அடித்தால்தான் வகிட்டில் வெள்ளை தெரியாது. கடைசியாக அடித்த இரண்டு தடவையும் தலை கடித்தது. போன தடவை அடுத்த நாள் விடிய எழும்பினால் காதோரம் சிவந்து, கண்மடல் இரண்டும் வீங்கிப்போய் இருந்தன. சலூனில் கேட்டேன். "அது சூட்டுக்கு டீச்சர், இளநீர் குடிங்க. அடுத்த முறை அமோனியா இல்லாத பக்கெட் ஒண்டு தாறன்" என்றார்கள்.

விட்டுவிடுவோமா என்றும் யோசிக்கிறேன். டொரொன்டோவில் இருக்கிற மச்சாள் விட்டுவிட்டார். வெள்ளைத் தலையோடு படம் போடுகிறார், எல்லாரும் தைரியம் என்று எழுதுகிறார்கள். ஆனால் என் மூத்தவளுக்கு வருகிற ஆவணியில் கலியாணம். மாமி, "கலியாணம் முடியட்டும் புள்ள, மறுகா எப்படியும் இரு. மாப்பிள்ள வீட்டார் உன்னப் பொண்ணுட அம்மம்மா எண்டு நினைச்சிருவாங்க" என்கிறார். இவர் "உன்ட விருப்பம்" என்று சொல்லிவிட்டுத் தன் மீசைக்கு அடித்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று. என் அம்மாவுக்குச் சுனாமிக்குப் பிறகு ஒரு மாதத்திலேயே தலை முழுக்க வெளுத்தது. அதைப் பார்த்ததிலிருந்து நரை என்றாலே எனக்குப் பயம். மறைப்பது பொய் சொல்வது மாதிரியா, அக்கா? நான் என்ன செய்யட்டும்?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தங்கச்சி,

முதலில் கண்மடல். கலியாணம், மாமி, மச்சாள் எல்லாம் அதற்குப் பிறகு.

தலையில் பூசிய ஒன்று அடுத்த நாள் கண்மடலை வீங்கவைக்கிறது என்றால் அதற்குச் சூடு காரணம் இல்லை, இளநீரும் மருந்தில்லை. அது ஒவ்வாமை மாதிரித்தான் இருக்கிறது. நிரந்தர டையில் கறுப்பைத் தருகிற பொருளுக்குப் பாரா பினைலீன் டயமீன் என்று பெயர், சுருக்கமாக பீ.பீ.டி. கலக்குகிற மற்றப் போத்தலில் இருப்பது ஹைட்ரஜன் பெரொக்சைட். அமோனியா முடியின் மேற்செதிலைத் திறக்கும். பீ.பீ.டி. உள்ளே போய்ப் பெரொக்சைட்டோடு சேர்ந்து அங்கேயே பெரிய நிற மூலக்கூறாகி வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். கழுவினாலும் போகாதது அதனால்தான். இதில் அமோனியாவின் வேலை செதிலைத் திறப்பது மட்டும். 'அமோனியா இல்லாத' பக்கெட்டில் அந்த வேலைக்கு வேறொன்றைப் போட்டிருப்பார்கள். கறுப்புக்குப் பெரும்பாலும் அதே பீ.பீ.டி.தான், இல்லாவிட்டால் அதன் ஒன்றுவிட்ட சகோதரம். மணம் குறையும், வீக்கம் குறையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கலந்தபின் தலையில் படுகிற பீ.பீ.டி. 2 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே ஒவ்வாமை வந்த ஒருவருக்கு அதிலும் எவ்வளவோ குறைந்த அளவு போதும்.

இத்தனை வருடம் ஒன்றும் செய்யாதது இப்போது ஏன் செய்கிறது என்று கேட்பீர்கள். இந்த ஒவ்வாமை அப்படித்தான் வரும். உடம்பு வருடக்கணக்காகப் பேசாமல் இருந்துவிட்டு ஒரு நாள் அந்தப் பொருளைப் பகையாகப் பதிந்துகொள்ளும். பதிந்தால் பிறகு மறப்பதில்லை. அடுத்த தடவை முந்தினதைவிட மோசமாகவும் வரலாம்.

ஆரையம்பதியில் எனக்குப் பெரியம்மா மகள் ஒருவர். பின்வாசல் படியில் இருந்து, பழைய துவாயைத் தோளில் போட்டு, தேய்ந்த பல் பிரஸ்ஸால் டையைப் பூசி, சொப்பின் பேக்கால் தலையைக் கட்டிக்கொண்டு அடுப்படியையும் பார்ப்பார். பிடரியில் பட்ட கறுப்பு நாலு நாளைக்குப் போகாது. முதல் தடவை கடித்தபோது தேசிக்காய் தேய்த்தார். அடுத்த தடவை தேங்காயெண்ணெய். மூன்றாம் தடவை அடித்தது கோயில் வைகாசிச் சடங்குக்காக. கண் இரண்டும் மூடி, நெற்றியோரம் கொப்புளித்து நீர் வடிய ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். கண்ணகை அம்மனுக்குக் கதவு திறந்த அன்று அவர் வார்ட்டில் கிடந்தார்.

ஆகவே பாதிக் கேள்விக்கு உங்கள் தோலே பதில் சொல்லிவிட்டது. இனி அந்த டை தலையில் படக்கூடாது. களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையிலோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ காட்டுங்கள். போகும்போது பக்கெட்டின் வெறும் பெட்டியையும் கொண்டு போங்கள், உள்ளே என்ன இருந்தது என்று வைத்தியர் பார்க்கட்டும். ஒவ்வாமை என்று உறுதியானால் பல் வைத்தியரிடமும் சொல்லிவையுங்கள். பென்சொகெயின் என்று ஒரு விறைப்பு மருந்து இருக்கிறது, பீ.பீ.டி. ஒத்துக்கொள்ளாத சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை.

டை வேண்டாம் என்றவுடன் யாராவது 'கறுப்பு மருதோன்றி' என்று ஒரு தூளைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். மருதோன்றியில் கறுப்பு என்று ஒன்று இல்லை. அந்த இலையில் இருக்கிற லோசோன் என்ற சாயம் வெள்ளை முடியைச் செம்மஞ்சளாக்கும், அதற்கும் மணிக்கணக்கில் ஊற வேண்டும். அவுரி இலைத்தூளையும் சேர்த்துப் போட்டால் கறுப்புக்குக் கிட்ட வரலாம். அரை மணித்தியாலத்தில் தலை கறுத்துவிட்டது என்றால் அந்தத் தூளுக்குள் பீ.பீ.டி. இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

காத்தான்குடியிலும் கல்முனையிலும் மருதோன்றி போட்ட தாடியோடு பெரியவர்களைக் கண்டிருப்பீர்கள். நரையை மாற்றலாம், கறுப்பைத் தவிருங்கள் என்கிற நபிமொழியை ஒட்டிய வழக்கம் அது. எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும். நிறம் போட்டிருப்பது தூரத்தில் வரும்போதே தெரிகிறது, வயதும் மறையவில்லை. உங்களுக்கும் அந்தச் சிவப்புப் பிடித்தால், வைத்தியரும் சரி என்றால், வேலியோரத்து இலையைப் பறித்து அரைத்துப் போடுங்கள். பிடிக்காவிட்டால் விடுங்கள்.

அம்மாவுக்கு வருகிறேன். தலைக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் இல்லை. கறுப்பாக வளர்ந்த மயிர் கறுப்பாகவே இருக்கும், வேரிலிருந்து புதிதாக வருவதுதான் வெள்ளையாக வரும், அதுவும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். ஒரு மாதத்தில் முழுத் தலையும் வெளுக்க வழியில்லை. அதற்காக நீங்கள் கண்டதே இல்லை என்று சொல்லமாட்டேன். 2020இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள். கடும் நெருக்கடியில் நரம்புகள் விடுகிற நோரட்ரினலின் என்ற இரசாயனம், முடிவேரில் நிறம் தருவதற்காகச் சேமித்து வைத்திருக்கிற மூல உயிரணுக்களை ஒரேயடியாகச் செலவழித்துவிடுகிறது. பிறகு முளைக்கிற முடிக்கு நிறம் இல்லை. பெரிய அதிர்ச்சிக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கும்பலாக முடி கொட்டுவதும் உண்டு. கறுப்புக் கொட்டினால் ஏற்கெனவே இருந்த நரை கண்ணில் படும். அப்படியான காலத்து மாதங்களை யாரும் கலண்டரில் எண்ணியும் வைப்பதில்லை.

இன்னொரு சாத்தியமும் இருக்கிறது, நோக வேண்டாம். உங்களுக்குத் தெரியாமல் அம்மாவும் டை அடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். 2004 மார்கழி 26க்குப் பிறகு எங்கள் கரையில் எந்தப் பெண் டை பக்கெட் வாங்கக் கடைக்குப் போனாள்? அப்படியென்றால் நீங்கள் பார்த்துப் பயந்தது, அம்மா தன்னைக் கவனியாமல் விட்டதை.

ஊரும் நரையை அப்படித்தான் பார்க்கிறது. டொரொன்டோவில் விட்டால் தைரியம். இங்கே விட்டால் "என்ன புள்ள, ஏதும் வருத்தமா? வீட்ட ஏதும் பிரச்சினையா?" யுத்தத்திலும் கடலிலும் புருஷனைக் கொடுத்த பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிற மாவட்டம் இது. அவர்களில் ஒருத்தி தலைக்கு டை அடித்தால் "ஆருக்குக் காட்ட?" என்று கேட்பதும் இதே வாய்தான். ஆண்களிடம் இந்த இரண்டு கேள்வியையும் யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டுக்காரரின் மீசையையே பாருங்கள். (அவருக்கும் சொல்லுங்கள்: முன்கூட்டியே தோலில் ஒரு பொட்டுப் பூசி 48 மணித்தியாலம் பார்க்கச் சொல்லிப் பக்கெட் தாளிலேயே போட்டிருக்கும். அதைச் செய்து பார்த்த ஒரு ஆணையும் நான் இதுவரை கண்டதில்லை.)

ஆகவே மச்சாளின் தைரியம் மச்சாளோடு இருக்கட்டும். விட்டவர் வீரி, அடிப்பவர் கோழை என்ற பேச்சை நான் நம்புவதில்லை. எனக்கு நரை பிந்தித்தான் விழுந்தது, டை அடிக்கப் பஞ்சியில் அப்படியே விட்டுவிட்டேன். அதில் கொள்கை ஒன்றும் கிடையாது. உங்கள் தோல் மட்டும் இடம் கொடுத்திருந்தால் எழுபது வயதுவரை அடியுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன்.

பொய்யா என்று கேட்டீர்கள். பொய் என்றால் அதை யாராவது நம்ப வேண்டும். 2020 பங்குனியில் ஊரடங்கு போட்டுச் சலூன் எல்லாம் பூட்டிக் கிடந்து, பிறகு வெளியே வந்தபோது ஊர் முழுக்க ஒருவர் வகிட்டை ஒருவர் பார்த்தோமே, யாராவது அதிசயப்பட்டார்களா? உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீங்கள் டை அடிப்பது தெரியும். எந்தச் சனிக்கிழமை அடித்தீர்கள் என்பதுகூடத் தெரியும்.

இனி மாமி. மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பது அவருடைய கவலை. கலியாணம் முடிந்து அந்த மாப்பிள்ளை எங்கே வந்து இருக்கப்போகிறார்? எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? வீடு பெண்ணுக்கு. மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, கொஞ்சக் காலத்தில் நீங்கள் இரண்டு பேரும் அதே வளவுக்குள் பின்னுக்கு ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவீர்கள். மருமகன் விடிய முகம் கழுவக் கிணற்றடிக்கு வரும்போது நீங்கள் தலையை அவிழ்த்து எண்ணெய் வைத்துக்கொண்டு நிற்பீர்கள். மாமியார் மறைந்து வாழ்கிற ஊரில் ஒரு நாள் கறுப்புக்கு அர்த்தம் இருக்கலாம், இங்கே அவர் தினமும் காண்கிற ஆள். ஆவணியில் கறுப்பும் கார்த்திகையில் பாதி வெள்ளையும் என்றால்தான் அந்தப் பிள்ளை திடுக்கிடும். முதலிலேயே இப்படித்தான் என்று கண்டுகொண்டால் அதோடு சரி.

அம்மம்மா என்று நினைத்தால் நினைக்கட்டும், கொஞ்ச நாளில் அம்மம்மாதானே. மகளின் கையில் வீட்டுத் திறப்பைக் கொடுக்கிற பெண்ணுக்கு எங்கள் ஊரில் மரியாதை கூடுமே தவிரக் குறைந்து நான் காணவில்லை. அவள் சொல்லுக்கு அதற்குப் பிறகுதான் எடை வரும். மாமிக்கும் இது தெரியும். அவரும் ஒரு காலத்தில் தன் மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியவர்தான். அப்போது அவர் தலை எந்த நிறம் என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

வேலைக்கு வருவோம். இது தை மாதம். ஆவணிக்குள் ஏழெட்டுச் சென்ரிமீற்றர் வளரும். நடுவில் சித்திரைதான் கஷ்டம்: வகிட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்தில் வெள்ளை, அதற்குப் பிறகு வெட்டினது மாதிரிக் கறுப்பு. நல்லவேளை அந்த மாதம் வருடப்பிறப்பு, பாடசாலையும் பூட்டு. நேர்வகிடு எடுக்காமல் கன்னத்துப் பக்கம் எடுத்தால் கோடு அவ்வளவு தெரியாது. மனம் வந்தால் இப்போதே தோள்மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். இடுப்புவரை முடி என்றால் கறுப்பு முழுக்கக் கழிய நாலைந்து வருடம் எடுக்கும். வெள்ளை முடிக்கு எண்ணெய் கூடினால் மஞ்சள் பூத்த மாதிரித் தெரியும், அதனால் வெளியே போகிற நாளில் எண்ணெயைக் குறையுங்கள்.

கலியாணத்தன்று இறுக்கி வாரிக் கொண்டை போடுங்கள். முன்னுக்கு வெள்ளை இருக்கும், கறுப்பெல்லாம் கொண்டைக்குள் போய்விடும், கொண்டையை மல்லிகைப்பூ மூடும். நல்ல கரை வைத்த கூறையோ பட்டோ உடுத்தி அப்படி நிற்கிற ஒரு பெண்ணை யாரும் 'வருத்தமா' என்று கேட்கமாட்டார்கள். தலை அலங்காரம் செய்ய வருகிற பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள், "இண்டைக்கு மட்டும் அன்ரி" என்று எதையாவது எடுத்துப் பூசப் பார்க்கும். அல்பம் செய்கிறவரிடமும் சொல்ல மறக்க வேண்டாம். கேட்காமலே கம்ப்யூட்டரில் உங்கள் தலையைக் கறுப்பாக்கி, முகத்துக்கு வெள்ளையும் அடித்துத் தந்துவிடுவார்கள். திருப்பிச் சரிசெய்யச் சொன்னால் அதற்கு வேறு காசு.

அன்புடன்,
அக்கா