அந்த ட்ராக்க மாட்டுனது யாருங்க?

கேள்வி: சின்ன வயசுல ஓட்ட ஓட்டயா இருக்குற தகட்ட நட்டு போல்ட் போட்டு முடுக்கி கிரேன், லாரி எல்லாம் செய்வோமே, அந்த செட்டு பேரு என்ன? அந்த ஆசைல என் 7 வயசு பையனுக்கு கோலி உருண்டு எறங்குற ட்ராக் செட்டு வாங்குனேன். ராத்திரி கண்ணு முழிச்சு நானே முழுசா மாட்டி, காலைல அவன் முன்னாடி வெச்சேன். ரெண்டே நாள் தான், இப்ப தொடவே மாட்டேங்குறான், போன் தான் கேக்குறான். நமக்கு இருந்த பொறுமை இந்த காலத்து பசங்களுக்கு ஏன் இல்ல?
- ஒரு வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: மொதல்ல பேரு. நம்மூர் கடைல அது மெக்கானிக்ஸ். அதுக்கெல்லாம் மூத்தது மெக்கானோ. லிவர்பூல்ல கறி இறக்குமதி பண்ற கம்பெனில வேல பாத்த ஃபிராங்க் ஹார்ன்பி, தன் பசங்களுக்கு கிரேன் செஞ்சு குடுக்க வீட்டுலயே தகட்ட வெட்டிப் பாத்து, 1901ல பேட்டன்ட் வாங்குனாரு, மெக்கானோங்குற பேரு 1907ல வந்துச்சு. ஆனா அவரு கண்டுபுடிச்சது கிரேன் இல்லைங்க. எல்லா தகட்டுலயும் ஓட்டைக்கு ஓட்ட அரை இன்ச், அளவு மாறவே மாறாது, அதனால எந்த துண்டும் எந்த துண்டோடயும் சேரும், இன்னிக்கு கிரேன், நாளைக்கு அதையே கழட்டி பாலம். கழட்டி கழட்டி மாட்டுறதுக்குன்னே செஞ்ச பொருள் அது. இத மனசுல வெச்சுக்கிட்டு நீங்க எழுதுனத நீங்களே இன்னொரு தடவ படிங்க.

"நானே முழுசா மாட்டி"ன்னு எழுதிருக்கீங்க. அப்ப விளையாண்டது நீங்க. பையனுக்கு மிச்சம் விட்டது மேல கோலிய போட்டு கீழ பொறுக்குற வேல மட்டும் தான், அத எத்தன தடவ பண்ணுவான்? ரெண்டு நாள் பண்ணிருக்கான், அதுவே பெரிய பொறுமை. போன்லயாவது அவன் தொட்டா ஏதோ ஒண்ணு மாறுது, நீங்க வெச்ச ட்ராக்குல அதுவும் இல்ல. இதுக்கு போயி அவன கொற சொல்றது எனக்கு நெஜமாவே கோவமா இருக்கு.

நமக்கு மட்டும் என்ன பொறுமை இருந்துச்சு? எங்க வீட்டுல மெக்கானிக்ஸ் டப்பா பீரோ மேல இருக்கும், போல்ட் தொலைஞ்சுரும்னு அம்மா முழுப்பரீட்ச லீவுல மட்டும் தான் எறக்குவாங்க, கைல வெச்சிருந்த நேரத்த விட அண்ணாந்து பாத்த நேரம் ஜாஸ்தி. மீதி நாளெல்லாம் வாழமட்டை. கொல்லைல மரம் வெட்டுனா மட்டைய உரிச்சு செங்கல் முட்டு குடுத்து சாய்ச்சு வெப்போம், அதுவே வாய்க்கா மாதிரி குழிஞ்சு இருக்கும், ஒரு மட்டைல இருந்து அடுத்த மட்டைக்கு கோலி எறங்கணும், எறங்காது, தாவிப் போயி சாக்கடைல விழும். கோலி தீந்துட்டா சைக்கிள் கடைல கெஞ்சி வாங்குன பால்ஸ், சக்கரத்துக்குள்ள இருக்குற இரும்பு குண்டு. செங்குத்தா வெச்சா திருப்பத்துல எகிறிரும், படுக்க வெச்சா பாதில நின்னுரும், இத யாரும் சொல்லித்தரல, விழுந்து விழுந்து தெரிஞ்சுக்கிட்டது. நம்ம ஏற்காடு ரோட்டுக்கும் அதே கணக்கு தாங்க. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் 1200 மீட்டர் ஒசர வித்தியாசம், நேரா போட்டா ஏறுற வண்டி ஏறாது, எறங்குற வண்டி நிக்காது, அதான் சாய்வ நீட்டி நீட்டி 20 கொண்டை ஊசி வளைவு. பஸ் ஜன்னல்ல அத எண்ணிக்கிட்டே வந்த நாள் சாயங்காலம் தான் எங்களுக்கு மட்டைய ரெண்டா வெட்டி திருப்பம் வெக்கணும்னே தோணுச்சு.

உங்க செட்டுல லூப், அதான் கோலி தலைகீழா ஒரு வட்டம் அடிச்சு வர்ற துண்டு, இருந்தா இன்னொரு விஷயம். உருளுற கோலியோட சக்தில 7ல 2 பங்கு அது தன்னத்தானே சுத்துறதுக்கே போயிரும், மிச்ச 5 பங்கு தான் முன்னாடி ஓட. அதனால லூப்போட ஆரம் 10 சென்டிமீட்டர்னா, லூப்போட அடில இருந்து கொறஞ்சது 27 சென்டிமீட்டர் ஒசரத்துல விட்டா தான் சுத்தி வரும், ட்ராக் உரசல் இருக்குறதால இன்னும் கொஞ்சம் ஏத்தவும் வேணும். இந்த 27ஐ தயவு செஞ்சு பையன் கிட்ட சொல்லிராதீங்க. அவனே 20ல வெச்சு விழட்டும், 25ல வெச்சு விழட்டும், இன்னும் ஏத்தி ஏத்தி ஒரு தடவ சுத்தி வரும் பாருங்க, அப்ப அவன் மொகத்த பாக்க நீங்க பக்கத்துல இருக்கணும்.

அதனால இன்னிக்கே அவனையே கழட்ட சொல்லுங்க. துண்டெல்லாம் ஒரு மொறத்துல கொட்டி கூடத்துல தரைலயே வைங்க, பீரோ மேல வேண்டவே வேண்டாம். ரெண்டு கோலி தொலைஞ்சா தொலையட்டும். வீட்டுல கைக்கொழந்த இருந்தா கோலிய வாயில போட்டுக்காம பாத்துக்குறது உங்க பொறுப்பு. அவன் தப்பா மாட்டுனா கைய நீட்டாதீங்க. உங்களுக்கும் ஆசை இருக்கு, அது தப்பே இல்ல, பக்கத்துல உக்காந்து உங்க பங்குக்கு ஒரு ட்ராக் கட்டுங்க, ரெண்டும் எந்த எடத்துல சேரணும்னு அவன் சொல்லட்டும். அப்பறம் அந்த அட்டப்பெட்டி மூடி, முழுசா மாட்டுன ட்ராக்கோட படம் போட்டு இருக்கும்ல, அத மட்டும் எடுத்து பரண்ல போட்டுருங்க.