இந்தியாவின் ஆட்சிச் சீர்திருத்தங்களை ஆராயும் சைமன் குழுவை பிரிட்டிஷ் அரசு 1929 வரை காத்திராமல் 1927லேயே அமைத்தது ஏன்? அதில் இந்தியர் ஒருவர்கூட ஏன் இல்லை?

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி, அதன் சீர்திருத்தங்கள் எப்படி நடக்கின்றன என்ற விசாரணை பத்தாண்டு கழித்துத்தான். ஆனால் அதற்குள் பிரிட்டனில் தேர்தல் வந்து எதிர்க்கட்சியான தொழிற்கட்சி ஜெயித்துவிட்டால்? குழு உறுப்பினர்களை அவர்கள்தான் நியமிப்பார்கள். அப்போதைய கன்சர்வேடிவ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த பர்க்கன்ஹெட்டுக்கு அந்தப் பயம் இருந்தது. அதனால்தான் 1927 நவம்பரிலேயே முந்திக்கொண்டார்கள்.

சரி, ஏழு பேரும் ஏன் பிரிட்டிஷார்? வைஸ்ராய் இர்வின் கொடுத்த யோசனை அது. இந்தியர்களைச் சேர்த்தால் ஒருமித்த அறிக்கை வராது என்று நினைத்தார். வெளியே சொன்ன காரணம் வேறு: பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய குழு, அதனால் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டும்தானாம். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அதே நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் சின்ஹா இருந்தார், மக்களவையில் சக்லத்வாலா இருந்தார். இருவரும் இந்தியர்களே. 1928 பிப்ரவரியில் பம்பாயில் வந்திறங்கியவர்களைக் கறுப்புக்கொடிதான் வரவேற்றது.