அங்குலக் கணக்கில் தங்கம், இரவுக் கணக்கில் கப்பல்

சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் சுற்றிவிட்டு மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்குகிற கப்பல் பயணம் இப்போது நம் ஊர்த் தம்பதிகளிடம் பிரபலம். கல்யாண நாள், ஓய்வு பெற்ற சந்தோஷம், பிள்ளைகள் எடுத்துக் கொடுத்த டிக்கெட் என்று ஏதோ ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் ஒரு வேடிக்கை: புகார் எல்லாமே பயணத்தின் கடைசி இரண்டு நாளைப் பற்றியது. முதல் இரண்டு நாளில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அப்போது பில் வரவில்லையே!

கே: இருபத்தைந்தாம் கல்யாண நாளுக்காக மனைவியுடன் நான்கு இரவுப் பயணம். கடைசி நாள் பில்லில் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று 'கிராஜுவிட்டி' போட்டிருந்தார்கள். நாங்கள் யாருக்கும் டிப்ஸ் தருவதாகச் சொல்லவே இல்லை. (கோவை வாசகர்)

வாயால் சொல்லவில்லை, சரி. டிக்கெட் எடுக்கும்போது "நிபந்தனைகளுக்குச் சம்மதம்" என்று கட்டத்தில் டிக் அடித்தீர்கள் அல்லவா, அதற்குள் இருந்தது இது. நிறைய கப்பல்களில் இந்தத் தொகையைக் குறைக்கவோ எடுக்கவோ சொல்லிக் கேட்கலாம். ஆனால் இறங்குவதற்கு முன்னால், வரவேற்பு மேசையில் போய்க் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்து மெயில் போட்டால் அநேகமாக நடக்காது.

என் கட்சி இரண்டு பக்கமும் உண்டு. தினம் இரண்டு வேளை உங்கள் கேபினைத் துடைத்து, துண்டில் யானை மடித்து வைத்துவிட்டுப் போனாரே ஒருவர், அவர் மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் ஒப்பந்தத்தில் வேலை செய்பவர். அந்தப் பணத்தை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் கட்டாயம் போல வசூலிக்கிற தொகையை விளம்பர விலையில் சேர்க்காமல் கடைசி நாளில் காட்டுகிற வியாபாரிமேல் எனக்கு மரியாதையும் வராது.

கே: கடைசி நாள் தள்ளுபடியில் பிராண்டட் கைக்கடிகாரம் 'ஒன்று வாங்கினால் ஒன்று' என்று கிடைத்தது. வாங்கியது சரிதானா? (நாகர்கோவில் வாசகர்)

வாங்கிவிட்டுக் கேட்கிறீர்கள். மணி சரியாகக் காட்டினால் சரிதான்.

கே: கப்பல் கடையில் ஒரு மேசை போட்டு தங்கச் சங்கிலியை அங்குலக் கணக்கில் வெட்டி விற்கிறார்கள். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. அடுத்த மாதம் போகும்போது மனைவிக்கு வாங்கலாமா? (திருச்சி வாசகர்)

இந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் வீட்டு பீரோவில் ஒரு வெல்வெட் பையில் இருக்கிறது.

சில வருடம் முன்பு நாங்கள் போன கப்பலில் (பெயர் வேண்டாம்) கடைசிக்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகிற வழியிலேயே அந்த மேசை. மரச்சுருளில் சங்கிலி சுற்றியிருந்தது, தையல் கடையில் லேஸ் சுற்றியிருக்குமே, அது மாதிரி. விற்கிற பெண் கழுத்தில் அளந்து, கட்டரால் நறுக்கி, கொக்கி மாட்டிக் கையில் தந்துவிடுகிறார். நான் பதினெட்டு அங்குலம் சொன்னேன். என் மனைவி பக்கத்தில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இது எத்தனை பவுன்?" அந்தப் பெண் மறுபடியும் அங்குலம் சொன்னார். "தங்கத்தை முழம் போட்டு விற்கிறவங்களை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றாள் மனைவி. அப்போதாவது நான் நகர்ந்திருக்க வேண்டும். கப்பலில் இருக்கும்போது கையில் காசு இல்லை, அட்டைதான். அட்டையை நீட்டினால் செலவு செய்த மாதிரியே இருக்காது. நீட்டினேன். சென்னை வெயிலுக்கு ஒரு மாதம் தாங்கியது. கழுத்தில் பச்சையாக ஒரு கோடு விட்டது.

விஷயம் இதுதான்: அப்படி விற்பது பெரும்பாலும் வேறு உலோகத்தின் மேல் தங்கப் பூச்சு. 'பூச்சு' என்று ஒரு சின்னச் சீட்டில் எழுதியும் வைத்திருப்பார்கள். அதனால் ஏமாற்று என்று வழக்குப் போடவும் முடியாது. நம் ஊரில் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. குறியீடு இருக்கும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்துவிடலாம். அந்த மரச்சுருளில் எதைப் பார்ப்பீர்கள்? எடை சொல்லாமல் நீளம் சொன்னால் நடையைக் கட்டுங்கள்.

கே: இறங்குவதற்கு முந்தின இரவு பெட்டியை வெளியே வைக்கச் சொன்னார்கள். வைத்தோம். காலையில் பார்த்தால் எனக்குப் போட்டுக்கொள்ள பேன்ட் இல்லை. மனைவியின் பி.பி. மாத்திரையும் பெட்டிக்குள். நைட் டிரெஸ்ஸில் குடியேற்ற வரிசையில் நின்றேன். கப்பல் கம்பெனி முன்கூட்டிச் சொல்ல வேண்டாமா? நஷ்டஈடு கேட்கலாமா? (சேலம் வாசகர்)

கேட்கக் கூடாது. முந்தின நாளே கேபினுக்கு வந்த தாளில் எழுதியிருப்பார்கள், டிவியில் ஓடவிட்டிருப்பார்கள், ஒலிபெருக்கியிலும் சொல்லியிருப்பார்கள். நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்? கடிகாரக் கடையிலா?

பேன்டை விடுங்கள், சிரித்துவிட்டுப் போகலாம். மாத்திரை விஷயம் சிரிப்பில்லை. மாத்திரை, பாஸ்போர்ட், போன் சார்ஜர், மறுநாள் துணி நான்கும் கைப்பையில். இதைச் சொல்ல ஒரு கேள்வி-பதில் பகுதி வேண்டியிருக்கிறது.

கே: ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாங்கள் இருவரும். உள்ளூர் ஏஜென்ட் "டிப்ஸ் முழுக்க முன்கூட்டியே கட்டியாச்சு" என்று தனியாக 14,000 ரூபாய் வாங்கி ரசீதில் எழுதியும் கொடுத்தார். கடைசி இரவு பார்த்தால் கப்பலிலும் அதே தொகையைப் போட்டிருந்தார்கள். மேசையில் கேட்டதற்கு எதுவும் கட்டப்படவில்லை என்றார்கள். அன்று ராத்திரி இருவருமே தூங்கவில்லை. ஊருக்கு வந்து கேட்டால் ஏஜென்ட் "கப்பல் கம்பெனி வெளிநாடு, அங்கே கேளுங்க" என்கிறார். (தஞ்சாவூர் வாசகி)

அம்மா, உங்கள் பக்கம் ஒரு தப்பும் இல்லை. கேட்டீர்கள், எழுதி வாங்கினீர்கள். அந்த ரசீதுதான் இப்போது உங்கள் பலம்.

"வெளிநாட்டில் கேளுங்க" என்பது ஏய்ப்பு. உங்களிடம் பணம் வாங்கியவர் அவர். சேவைக் குறைபாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். ரசீது, கப்பலில் தந்த கடைசி பில், அவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் நகல் எடுங்கள். பதினைந்து நாள் கெடு வைத்து பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதில் கோபம் வேண்டாம். தேதியும் தொகையும் போதும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். பல ஏஜென்ட்கள் அந்த எண்ணைப் பார்த்ததும் இறங்கி வருவார்கள்.

வரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவர் ஆபீஸ் எங்கே இருந்தாலும் கவலையில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். 14,000 ரூபாயோடு, மன உளைச்சலுக்கு என்று தனியாகவும் கேளுங்கள். அந்தத் தூங்காத இரவுக்கு ஒரு விலை இருக்கிறது. முடிவு எப்படி ஆனாலும் எனக்கு எழுதுங்கள்.

கே: கப்பலில் போனே பேசவில்லை. ஆனாலும் ரோமிங் பில் ஆயிரக்கணக்கில். (மதுரை வாசகர்)

நீங்கள் பேசவில்லை, வாட்ஸ்அப் பேசியிருக்கும். நடுக்கடலில் கப்பலுக்கென்றே செயற்கைக்கோள் வழியாக ஓடுகிற செல்போன் சேவை உண்டு. சாதாரண ரோமிங் பேக் பெரும்பாலும் அதற்குச் செல்லாது. ஏறியதும் ஃப்ளைட் மோட். கரை விளக்கு தெரிகிறதே என்று கடைசி இரவில் அதை எடுத்துவிடுகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

கே: கப்பல் கடையில் மலிவு என்று நண்பருக்கு சிகரெட் ஒரு பெட்டி வாங்கினேன். சிங்கப்பூரில் இறங்கும்போது பிரச்சினை வருமா? (புதுச்சேரி வாசகர்)

வரும். சிங்கப்பூரில் ஒரு சிகரெட்டுக்குக்கூடத் தீர்வை விலக்கு இல்லை. தானாகப் போய்ச் சொல்லி வரியைக் கட்டுங்கள். நண்பருக்குப் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுங்கள்.

கே: டூர் பணத்தோடு டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கிற வருமான வரி) பிடித்தார்கள். போனது போனதுதானா? (ஈரோடு வாசகர்)

இல்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறவில்லையென்றால் ஏஜென்டின் சட்டையைப் பிடியுங்கள் (சட்டப்படிதான்).

கே: "4 இரவு 5 பகல்" என்று வாங்கினோம். ஐந்தாம் பகல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. (சென்னை வாசகி)

வாருங்கள். இதற்காகத்தான் பல மாதமாகக் காத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் வரிசை, பாஸ்போர்ட், பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடிந்து உள்ளே போகவே மத்தியானம். கேபின் அதற்கும் பிறகு. கப்பல் நகர்வது சாயங்காலம். இது 'முதல் பகல்'. திங்கள், செவ்வாய், புதன் முழுப் பகல்கள். வியாழன் விடியும்போது கப்பல் துறைமுகத்தில் நிற்கும். எட்டு, எட்டரைக்கெல்லாம் கேபினைக் காலி செய்யச் சொல்லுவார்கள். ஏனென்றால் அதே அறையில் அன்று மத்தியானம் வேறு ஒரு ஜோடி வந்து ஏற வேண்டும். இட்லியும் இல்லாமல், தோசையும் இல்லாமல், அவசரமாக ஒரு ரொட்டித்துண்டு. இது 'ஐந்தாம் பகல்'. காலைப் பலகாரத்துக்கு ஒரு நாள் என்று பெயர் வைத்தவனை நான் சந்திக்க ஆசைப்படுகிறேன்.

இருவருக்கும் சேர்த்து 1,20,000 ரூபாய் கொடுத்தீர்கள் என்றால், விளம்பரக் கணக்குப்படி நாளுக்கு 24,000. உண்மையான மூன்று பகலுக்குப் பிரித்தால் 40,000. அந்த மூன்றாவது பகலிலும் பாதியைப் பில் வரிசைக்கும், பெட்டி கட்டுவதற்கும், 'கடைசி வாய்ப்பு' விற்பனைக்கும் கொடுத்துவிடுகிறோம். போட்டோ கவுன்டர், ஓவிய ஏலம், அடுத்த பயணத்துக்கு முன்பணம் வாங்குகிற மேசை எல்லாம் கடைசி நாட்களில் சுறுசுறுப்பாவது தற்செயல் இல்லை. ஊருக்குப் போகப்போகிறோமே என்று மனசு இளகியிருக்கிற நேரம் அவர்களுக்குத் தெரியும். (அடுத்த பயண முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். "கிடைக்கும், ஆனால்" என்று ஆரம்பித்தால் எழுந்துவிடுங்கள்.)

அதனால் வாங்கும்போதே விலையை இரவுக் கணக்கில் பிரித்துப் பாருங்கள், பகலை நம்பாதீர்கள். இறங்குகிற நாள் காலை விமானம் போடாதீர்கள். அந்தப் பதற்றம் முந்தின நாளையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கே: போன தடவை கடைசி சாயங்காலம் என் கணவர் பில் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றார். நான் தனியாக கேபினில் பெட்டி கட்டினேன். மறுபடி போகிறோம். இந்தத் தடவையாவது சேர்ந்து இருக்க வழி உண்டா? (கும்பகோணம் வாசகி)

உண்டு. பில்லை கேபின் டிவியிலோ செயலியிலோ தினமும் பார்க்கலாம். கடைசிக்கு முந்தின நாள் காலை, எல்லோரும் டிபனுக்குப் போயிருக்கும்போது, கணவரை வரவேற்பு மேசைக்கு அனுப்புங்கள். அப்போது வரிசை இருக்காது. செலவழிக்கச் சொல்லி ஏதாவது கிரெடிட் கொடுத்திருந்தால் அது அநேகமாகப் பணமாகத் திரும்பாது. அதைக் கடைசி ராத்திரி பொம்மைக்கடையில் தீர்க்காமல், முந்தின நாளே இருவருமாக நல்ல காபி குடித்துத் தீர்த்துவிடுங்கள். பெட்டி சின்னதாக இருந்தால் வெளியே வைக்கவே வேண்டாம். நீங்களே இழுத்துக்கொண்டு இறங்கலாம் என்று நிறைய கப்பல்களில் ஒரு வழி உண்டு, முன்கூட்டிச் சொல்லிவைத்தால் போதும்.

சங்கிலிக்கு அடுத்த வருடம் நாங்கள் மறுபடி போனபோது இப்படித்தான் செய்தோம். புக்கெட்டிலிருந்து திரும்புகிற வழி, மலாக்கா நீரிணை. ஏழே கால் வாக்கில் சூரியன் இறங்கும். கப்பல் தென்கிழக்கே போவதால் பின்பக்கத் தளத்தில்தான் நன்றாகத் தெரியும், அங்கே கூட்டமும் இல்லை. எல்லோரும் உள்ளே கடிகாரம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இருட்டினதும் சரக்குக் கப்பல்களின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக, தேர் பின்னால் வருகிற மாதிரி வந்தன. மனைவி கைப்பையிலிருந்து வீட்டு முறுக்கை எடுத்தாள். ஊருக்குப் போனதும் பால்காரருக்குச் சொல்ல வேண்டும், மோட்டார் ரிப்பேர் பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். முறுக்கு தீர மணி பத்தானது.